பொறியைத் தொடுமுன் நூலைத் தேர்க

நூலைத் தேர்தல் எமது தொழில். மாணவன் எந்நூலை முதலிற் படித்தல் வேண்டும், எதனைப் பின்னர்ப் படித்தல் வேண்டும், எதனைப் படியாது விடுதல் வேண்டும் என்று ஆராய்ந்து கூறுவது தமிழாசிரியரின் வாழ்நாட் பணியாகும். ஆகலின், பழைய ஸ்போட்ஸ் கார் ஒன்றின் இயந்திரத்தைப் பிரித்துப் புதுக்குதற்குரிய கைந்நூல்களைப் பற்றி இவ்விழா மலரில் நாம் எழுதப் புகுவதைக் கண்டு, 'இவருக்கும் இதற்கும் யாது தொடர்பு?' என்று அன்பர் சிலர் நகைப்பாராயின், அவர்க்கு நாம் கூறும் விடை ஒன்றுண்டு. திருகாணியின் இயல்பை மெக்கானிக் அறிவார். நூலின் இயல்பை நாமும் ஓரளவு அறிவோம்.

இப்பொருளை எடுத்துக்கொண்டதற்குக் காரணமும் உண்டு. நம் பழைய மாணவர் பலர் கடல் கடந்து இலண்டன், ரொறன்ரோ, மெல்பேண் முதலிய நகரங்களில் வாழ்கின்றனர். அவர்களுட் சிலர் ஓய்வுநேரப் பணியாகப் பழைய ஆங்கிலக் கார்களை வாங்கிப் புதுக்குகின்றனர். ஊரிலுள்ளோர் சிலர் தந்தையார் விட்டுச் சென்ற மொறிஸ் மைனரை இன்றும் போற்றி வைத்திருக்கின்றனர். இவ்விரு திறத்தாரும் நூல் வாங்கப் புகும்போது முதலிற் கைநீட்டுவது, அட்டையிலே பந்தயக் காரும் உள்ளே குதிரைவலுவைப் பெருக்கும் வழிகளும் கொண்ட நூலையே. இஃது இயல்பு, ஆயினும் முறையன்று. எழுத்தும் சொல்லும் கல்லாமல் அணியிலக்கணம் கற்கப் புகுவாரை ஒப்பர் இவர். செப்பனிடும் நூலை முதலிற் பெறுக. வலுவேற்றும் நூலை இறுதியிற் பெறுக. எந்நூலாயினும் 'இவ்வெல்லையில் நிற்க' என்று சொல்லும் நூலையே பெறுக. இதுவே எமது துணிபு.

பொதுப்படக் கூறுவதினும் ஒன்றனை எடுத்துக்காட்டிக் கூறுதல் தெளிவு தரும். 1958ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒஸ்ரின்-ஹீலி ஸ்பிறைற் என்னும் சிறு ஆங்கிலக் கார் தோன்றியது. முன்விளக்குகள் இரண்டும் மூடியின் மேலே துருத்தி நிற்பதால் அதனைத் தவளைக்கண்ணி என்று மக்கள் அழைத்தனர். அதன் இயந்திரம் 948 கன சென்ரிமீற்றர் கொள்ளளவு உடையது. அது புதுவதாகப் படைக்கப்பட்டதன்று. 1951இல் ஒஸ்ரின் ஏ30 காரில் 803 கன சென்ரிமீற்றராகப் பிறந்த 'ஏ' வரிசை இயந்திரத்தின் வளர்ச்சியே அது. 1956இல் வந்த மொறிஸ் மைனர் 1000 காரில் இருந்ததும் அதே 948 இயந்திரமே. மைனரில் ஏறக்குறைய 37 குதிரைவலு தந்த அது, இரண்டு எஸ்.யு. காபுரேற்றர்களும் வேறு சில மாற்றங்களும் பெற்று ஸ்பிறைற்றில் ஏறக்குறைய 43 குதிரைவலு தந்தது. ஆகவே, நம் ஊர்த் தெருக்களிலே கண்ட மைனரும், ஆங்கில நாட்டு இளைஞர் விரும்பிய ஸ்போட்ஸ் காரும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். ஒன்றைப் பற்றிய நூலறிவு மற்றதற்கும் பெரும்பாலும் பயன்படும்.

'பெரும்பாலும்' என்ற சொல்லிலேதான் இடர்ப்பாடு உளது. ஒரு குடும்பத்திற் பிறந்தோர் அனைவரும் ஒரே அளவுச் சட்டை அணிவதில்லை. 948 இயந்திரத்துக்குப் பின் 1098 வந்தது. அதன்பின் 1275 வந்தது. 948இல் பிஸ்ரன் ஓடும் தூரம் 76.2 மில்லிமீற்றர், 1098இல் 83.7, 1275இல் 81.3. 1098 கொள்ளளவுடைய ஸ்பிறைற் இயந்திரங்களிலேயே இருவகை உண்டு. 10சிஜி என்று தொடங்கும் எண்ணுடையதன் கிராங் தண்டு 1¾ அங்குல விட்டமுள்ள பெயாரிங்குகளிற் சுழல்வது. 10சிசி என்று தொடங்கும் எண்ணுடையதன் தண்டு 2 அங்குல விட்டமுள்ளவற்றிற் சுழல்வது. முன்னையது மெலிந்தது, மிகு வேகத்தைப் பொறாதது. இவ்விரண்டனையும் வேறுபடுத்தாது '1098 இயந்திரம்' என்று ஒரு சொல்லால் அடக்கிப் பேசும் நூல், எத்துணை அழகிய படங்களைக் கொண்டதாயினும் நம்பத்தக்கதன்று. ஆதலின் நூற்கடைக்குச் செல்லுமுன் இயந்திரத்தின் பக்கத்திலே அறையப்பட்ட எண்ணை எழுதிக்கொண்டு செல்க. அவ்வெண்ணை அறிந்த நூலே உமக்குரிய நூல்.

இனி, நூல்களின் வகையை நோக்குவோம். பவணந்தியார் நன்னூலில் நூல்களை முதனூல், வழிநூல், சார்புநூல் என மூவகைப்படுத்தினார். அவர் வகுத்த பாகுபாடு கார்க் கைந்நூல்களுக்கும் வியக்கத்தக்க வகையிற் பொருந்துகின்றது.

முதனூலாவது, காரைச் செய்த கம்பனியார் தம் முகவர்களின் தொழிற்சாலைகளுக்கென்று வெளியிட்ட கைந்நூல். அளவுகள் யாவற்றுக்கும் அதுவே பிரமாணம். வால்வு இடைவெளி இயந்திரம் குளிர்ந்திருக்கும்போது 0.012 அங்குலம், தலைப்பகுதியின் நட்டுகளை முறுக்கும் விசை 40 இறாத்தல்-அடி, எரியூட்டும் ஒழுங்கு 1, 3, 4, 2, இவ்வாறு அது ஐயத்துக்கு இடமின்றிக் கூறும். அதனோடு உதிரிப்பாக அட்டவணையையும் சேர்த்துப் பெறுதல் நன்று. ஒவ்வோர் உறுப்பும் எதன்பின் எது என்ற வரிசையில் விரித்து வரையப்பட்டிருப்பதால், ஒரு வளையம் எங்கே கிடந்தது என்ற ஐயத்தை அது ஒரே பார்வையில் நீக்கிவிடும். ஆயினும் இம்முதனூலுக்கு ஒரு குறை உண்டு. அது பயின்ற கையுடையாரை நோக்கி எழுதப்பட்டது. '18ஜி' என்று தொடங்கும் எண்ணுள்ள இன்ன கருவியைக் கொண்டு கழற்றுக என்று கூறி அப்பாற் செல்லும். அக்கருவி இல்லாதான் யாது செய்வான் என்பது அதன் கவலையன்று. சூத்திரம் மாத்திரம் உண்டு, உரை இல்லை.

அவ்வுரையாக எழுந்ததே வழிநூல். இதன் வரலாற்றை நம் மாணவர் சிறப்பாக அறிதல் வேண்டும். ஏனெனில், இவ்வகை நூலைப் பெருக்கிய ஜோன் ஹேய்ன்ஸ் 1938இல் இலங்கையிலே பிறந்தவர்; அவர் தந்தையார் இங்கு தேயிலைத் தோட்ட முகாமையாளராயிருந்தார். இளமையிலேயே இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டு விடுதிப் பள்ளியிற் பயின்றபோது, றக்பி விளையாட்டுக்குப் பதிலாகப் பழைய ஒஸ்ரின் 7 கார் ஒன்றை இலகுவான ஸ்போட்ஸ் காராக மாற்றியமைக்க இசைவு பெற்றார். தாம் செய்த முறையை எழுதி, 1956இல் ஒரு சிறு நூலாக வெளியிட்டார். அச்சிட்ட 250 படிகளும் பத்து நாளில் விற்றுத் தீர்ந்தன. பின்னர் விமானப்படையிற் சேர்ந்து ஏடனிற் பணிபுரிந்த காலத்தில், நண்பர் ஒருவர் வாங்கிய தவளைக்கண் ஸ்பிறைற்றைப் பிரித்துப் பூட்ட உதவினார். கம்பனியின் கைந்நூல் சாதாரண மனிதனுக்குப் பயன்படவில்லை என்பதை அப்போது கண்டார். இயந்திரத்தைப் பிரிப்பதையும் பூட்டுவதையும் படிப்படியாகப் புகைப்படம் எடுத்தார். அதன் பயனாக 1966இல் அவருடைய முதற் கைந்நூல் தோன்றியது. 3,000 படிகள் மூன்று மாதத்துள் விற்பனையாயின. அவர் 2019இல் மறைந்தார். அவர் பெயர் பொறித்த கைந்நூல்கள் உலகெங்கும் உள்ளன.

வழிநூலின் சிறப்பு, ஆசிரியர் தாமே கையழுக்காகிச் செய்து பார்த்து எழுதுதல். ஆகவே, முதனூல் மறைத்த இடங்களை அது விளக்கும். சிறப்புக் கருவி இன்றிச் செய்யும் வழியைக் காட்டும். அதன் குற்றம் யாதெனின், நன்னூலார் கூறும் குன்றக்கூறலே. கழற்றும் முறையைப் பத்துப் படியில் விரித்துரைத்து, பூட்டும் முறை அதன் தலைகீழே என்று ஒரு தொடரில் முடித்துவிடும் நூல்கள் பல. உண்மையிற் பூட்டுதல் கழற்றுதலின் தலைகீழன்று. கழற்றும்போது அளக்க வேண்டுவது இல்லை. பூட்டும்போதோ ஒவ்வோர் இடைவெளியையும் அளத்தல் வேண்டும். பெயாரிங்கிற்கு எண்ணெய் பூச வேண்டும். பிஸ்ரன் வளையங்களின் வாய்கள் ஒன்றன்மேலொன்று நேர்படாதவாறு திருப்ப வேண்டும். தலைப்பகுதியின் நட்டுகளை நடுவிலிருந்து புறநோக்கிப் படிப்படியாக இறுக்குதல் வேண்டும். இவற்றைப் பூட்டும் இடத்திலேயே மீட்டும் எடுத்துரைக்கும் வழிநூல் நன்னூலாகும்.

சார்புநூலாவது, வலுவேற்றும் நூல். 1960களில் அபிங்டன் நகரில் இயங்கிய பி.எம்.சி. கம்பனியின் தனிப்பிரிவு, ஸ்பிறைற் முதலிய கார்களுக்குப் படிநிலை படிநிலையாக வலுவைப் பெருக்கும் சிறு ஏடுகளை வெளியிட்டது. 'ஏ' வரிசை இயந்திரம் பற்றி டேவிட் விசாட் எழுதி 1980களில் வெளிவந்த பெருநூல், இத்துறையில் இன்றும் பலராற் போற்றப்படுவது. ஸ்பிறைற், மிட்ஜற் கார்களுக்கென்றே டானியல் ஸ்ரேபிள்ரன் எழுதிய நூலும் உண்டு. இவை கற்றோர் நூல்கள், நாம் இகழ்ந்தோமில்லை. ஆயினும் முதனூலின் முடிபோடு ஒருபுடை ஒத்து ஒருபுடை வேறுபடுதல் இவற்றின் இயல்பாதலால், முதனூல் அறியாதார் இவற்றை முதலிற் கற்பின் எது விதி, எது விலக்கு என்று அறியாது மயங்குவர்.

ஈண்டுச் சொல்லொன்றைப் பற்றியும் கூறல் வேண்டும். ஆங்கிலத்தில் 'ரியூனிங்' என்னும் ஒரே சொல் இருபொருளில் வழங்குகின்றது. வீணைக்குச் சுருதி கூட்டுதல் போல, இயந்திரத்தை அதற்குரிய இயல்பான நிலையில் ஒழுங்குபடுத்துதல் ஒரு பொருள். இயல்பினும் மிக்க வலுவை அதனிடம் வாங்குதல் மற்றொரு பொருள். முன்னையதைச் சுருதி கூட்டல் என்றும், பின்னையதை வலுவேற்றல் என்றும் தமிழில் இருசொல்லாற் குறித்தல் தகும். பிளக்கின் இடைவெளியை 0.025 அங்குலமாக வைத்தல், வால்வு இடைவெளியைத் திருத்துதல், இரண்டு காபுரேற்றர்களும் ஒத்த அளவிற் காற்று இழுக்குமாறு செய்தல், எரியூட்டும் நேரத்தைச் சரிப்படுத்தல் என்பன சுருதி கூட்டல். இவற்றுக்குச் செலவு சிறிது; பயன் பெரிது. 37 குதிரைவலுவுக்கெனச் செய்யப்பட்ட இயந்திரம் தேய்ந்து 25 தரும்போது, அதற்கு வேண்டியது பந்தய உறுப்புகளல்ல. இழந்த 12ஐ மீட்பதே. ஆகவே, தலைப்பில் இச்சொல் கண்ட நூலைப் புரட்டி, இருபொருளில் எதனை அது பேசுகின்றது என்று முதலில் அறிக.

வலுவேற்றும் நூலின் தரத்தை அளக்கும் உரைகல் ஒன்றுண்டு. அது ஒரு மாற்றத்தைச் சொல்லும்போது, அதனைத் தொடரும் பிற மாற்றங்களையும் சொல்கின்றதா என்று பார்க்க. காற்றுவடியை மாற்றினால் எஸ்.யு. காபுரேற்றரின் ஊசியையும் மாற்ற நேரும். அவ்வூசி சரிந்து மெலியும் வடிவமே பெற்றோலின் அளவை நிர்ணயிக்கின்றது. தலைப்பகுதியை அராவி அழுத்தவிகிதத்தை உயர்த்தினால், உயர்தரப் பெற்றோலும் திருத்திய எரியூட்டும் நேரமும் வேண்டும். இல்லையேல் இயந்திரம் தட்டும். தட்டினால் பிஸ்ரன் உடையும். இலங்கையிற் பெரும்பாலும் கிடைப்பது 92, 95 ஒக்ரேன் பெற்றோல். இங்கிலாந்திலோ 95உம் அதற்கு மேற்பட்டதும் உண்டு. அங்குள்ளார்க்கு எழுதிய விகிதத்தை இங்கு 92இல் ஓடும் இயந்திரத்திற்கு ஏற்றுவது கேடு. விளைவைச் சொல்லாது செயலை மட்டும் சொல்லும் நூல், நோயாளியின் உடல்நிலை கேளாது மருந்து கொடுக்கும் வைத்தியரை ஒக்கும்.

நூலின் வயதையும் நோக்குதல் வேண்டும். பழைய நூல்கள் ஈயம் கலந்த பெற்றோல் வழங்கிய காலத்தில் எழுதப்பட்டவை. 948 இயந்திரத்தில் வால்வின் இருக்கை, தலைப்பகுதியின் வார்ப்பிரும்பிலேயே வெட்டப்பட்டது. ஈயத்தின் படிவு அதனைக் காத்தது. இங்கிலாந்தில் 2000ஆம் ஆண்டு தொடக்கத்திலும், இலங்கையில் 2002இலும் ஈயப் பெற்றோல் நிறுத்தப்பட்டது. இக்காலத்தில் அவ்வியந்திரத்தைக் கடும் வேகத்தில் நெடுந்தூரம் ஓட்டினால் கழிவு வால்வின் இருக்கை தேய்ந்து உள்ளே இறங்கும். கடினமான உலோக வளையத்தைப் பதித்தலே அதற்கு மாற்று. 2021இல் இங்கிலாந்தின் சாதாரணப் பெற்றோலில் 10 வீதம் வரை எதனோல் சேர்க்கப்படலாயிற்று. அது பழைய இறப்பர்க் குழாய்களைக் கெடுக்கும். 1966இல் எழுதிய நூல் இவற்றை எங்ஙனம் அறியும்? ஆதலின் அளவுகளுக்குப் பழைய நூலையும், எரிபொருளுக்கும் எண்ணெய்க்கும் புதிய பதிப்பையும் துணைக்கொள்க. பழையது என்று தள்ளலும், புதியது என்று கொள்ளலும் இரண்டும் தவறே.

எல்லை கூறும் நூலைப் பெறுக என்று முன்னர்க் கூறினோம். அதன் காரணத்தை விளக்குவோம். தேய்ந்த சிலிண்டரை 0.010, 0.020, 0.030, 0.040 அங்குலம் எனப் படிப்படியாகக் கடைந்து அகட்டலாம். கிராங் தண்டையும் அவ்வாறே படிப்படியாகக் குறைக்கலாம். ஒவ்வொரு முறையும் உலோகம் குறைகின்றது. ஒருமுறை அராவிய இரும்பு மீட்டும் வளர்வதில்லை. எழுத்துப் பிழையை அழித்து எழுதலாம். இரும்பிற் செய்த பிழையை அழித்தெழுத இயலாது. இவ்வியந்திரங்கள் 2000ஆம் ஆண்டில் மினி கார் நின்றதோடு உற்பத்தி ஒழிந்தவை. மிஞ்சியவற்றுள் ஒன்று கெடுமாயின், அது நம் பணத்தின் இழப்பு மாத்திரமன்று. இனிப் பிறவாத ஒன்றன் அழிவுமாகும்.

'அசையும் படங்களைக் கைத்தொலைபேசியிலே பார்த்துக் கற்கும் இக்காலத்தில் நூல் எதற்கு?' என்று மாணவர் வினவலாம். படம் கையின் அசைவைக் காட்டும். அதன் பயனை மறுத்தல் அறியாமை. ஆனால், படத்திற் காண்பவர் தம் இயந்திரத்தையே செய்கின்றார். உமது இயந்திரத்தை அன்று. அவர் சொல்லும் அளவு எவ்வெண்ணுடைய இயந்திரத்துக்கு உரியது என்று நிறுத்திக் கேட்க முடியாது. அட்டவணையும் எல்லையும் நூலிலேதான் நிலைபெற்றுள்ளன. கையசைவைப் படத்திற் காண்க. அளவை நூலிற் காண்க.

இனி, இத்தனைக்கும் மேலான ஒரு குறையைச் சொல்லி முடிப்போம். நாம் கூறிய நூல்கள் யாவும் ஆங்கில நூல்கள். அவற்றை எழுதியோர் அறியாத அறிவு ஒன்று நம் மண்ணில் உண்டு. 1990களில் போரும் பொருளாதாரத் தடையும் யாழ்ப்பாணத்தை வருத்திய காலத்தில், பெற்றோல் கிடைத்தற்கரிதாயிற்று. அப்போது நம் கராச்சுகளின் மெக்கானிக்மார் மொறிஸ் மைனரையும் ஒஸ்ரின் கார்களையும் மண்ணெண்ணெயில் ஓட்டினர். சிறிது பெற்றோலால் இயந்திரத்தை எழுப்பிச் சூடேற்றிய பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். அழுத்தவிகிதம் குறைந்த பழைய இயந்திரங்களாதலால் அவை அதனைத் தாங்கின. எரியாத மண்ணெண்ணெய் எண்ணெயிற் கலந்து அதனை நீர்த்துப்போகச் செய்வதையும், பெயாரிங் தேய்வதையும் அவர்கள் கையாலும் காதாலும் அறிந்து காத்தனர். நோயாளிகளையும் கர்ப்பிணிகளையும் வைத்தியசாலைக்குச் சுமந்தவை அத்தகைய கார்களே. அவ்வறிவுடையோர் இன்று முதுமையடைந்துள்ளனர். நம் கல்லூரி நூலகத்தில் அவர்தம் அறிவைக் கூறும் தமிழ் நூல் ஒன்றேனும் இல்லை.

தமிழில் இத்தகைய நூல் எழுத இயலாது என்பார்க்கு மானிப்பாய் விடையளிக்கும். 19ஆம் நூற்றாண்டிலே அங்கு பணியாற்றிய அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன், மேலைநாட்டு மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்கித் தமிழிலேயே மாணவர்க்குக் கற்பித்தார். மனித உடலின் நரம்பையும் நாளத்தையும் தமிழாற் கூற முடிந்தபோது, வால்வையும் வளையத்தையும் கூற முடியாதோ? 2013இல் உயர்தர வகுப்பில் தொழில்நுட்பப் பிரிவு தொடங்கப்பட்டபின், இதற்குரிய மாணவரும் உளர்.

ஆதலாற் பழைய மாணவர் சங்கத்தார்க்கு ஒரு வேண்டுகோள். விழாவின் நினைவாக நூலகத்துக்கு முதனூல், வழிநூல், சார்புநூல் மூன்றனையும் ஒவ்வொரு படி வாங்கித் தருக. அவற்றை நாம் கூறிய வரிசையில் அடுக்குக. பழைய மொறிஸ் மைனர் ஒன்று கிடைக்குமாயின் அதன் இயந்திரத்தை மாணவர் முன்னிலையிற் பிரித்து, முதிய மெக்கானிக்மாரை ஆசனமிட்டு இருத்தி, அவர் சொல்வதை மாணவர் ஏட்டில் எழுதுமாறு செய்க. அவர்கள் பட்டம் பெறாதவர் என்று தயங்கற்க. கற்பிக்கத் தக்கதை அறிந்தவர் ஆசிரியரே.

மாணவரே! இந்நாட்டிற் பிறந்த ஒருவர் உம்மைப் போல் மாணவராயிருந்தபோதே தம் கைத்தொழிலை நூலாக்கினார். அந்நூலை நாடிப் பின்னர் உலகம் வந்தது. பிறர் எழுதிய நூலை ஆராய்ந்து தேர்ந்து கற்பீராக; கற்றபடி பொறியைத் தொடுவீராக; தொட்டு அறிந்ததைத் தமிழில் எழுதுவீராக. உமக்குப் பின் வருவோன் தேரும் நூல் உமதாகுக.